மாகியார் மண் – 9: அடைக்கலம்

கிழக்கிலேயே தங்கிவிட்ட பங்காளிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்களா? 13ஆம் நூற்றாண்டு ஹங்கேரியில் இந்தக் கேள்வி டொமினிக்கன் சபைத் துறவிகள் சிலரைக் குடைந்துகொண்டே இருந்தது. ஆர்பாத் தலைமையில் 895 வாக்கில் ஏழு மாகியார் குலங்கள் கார்பாத்திய மலைகளைத் தாண்டி வந்து குடியேறிய கதையை இந்தத் தொடரின் ஆரம்பத்தில் பார்த்தோம். அன்று எல்லோரும் கிளம்பி வந்துவிடவில்லை, ஒரு கிளை பழைய ஊரிலேயே நின்றுவிட்டது என்று பழைய ஏடுகள் சொல்லின. 1235இல் நான்கு துறவிகள் அந்தக் கிளையைத் தேடிப் புறப்பட்டார்கள். கான்ஸ்டான்டிநோபிள், கருங்கடல், காகசஸ் என்று நீண்ட பயணம். வழியில் இருவர் திரும்பிவிட்டார்கள். ஒருவர் இறந்துபோனார். ஜூலியன் மட்டும் வோல்கா நதிக்கரைவரை போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவர் பேசிய ஹங்கேரிய மொழி அந்த ஊர் மக்களுக்குப் புரிந்தது. அவர்கள் பேசியது அவருக்கும் புரிந்தது. பிரிந்து மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தும் உறவு விட்டுப்போகவில்லை. வீடு வீடாக அழைத்துப்போய், மேற்கே போன சொந்தங்களைப் பற்றிக் கேட்டுத் தீர்த்தார்கள். கூடவே ஒரு சேதியும் சொன்னார்கள். தாத்தாரியர்கள், அதாவது மங்கோலியர்கள், பக்கத்தில் வந்துவிட்டார்கள், அவர்களுடைய பார்வை இன்னும் மேற்கே இருக்கிறது.

ஜூலியன் ஊர் திரும்பிச் செய்தியைச் சொன்னார். 1237இல் மறுபடி கிளம்பினார். இந்த முறை ரஷ்யாவின் சுஸ்டால் நாட்டைத் தாண்ட முடியவில்லை. வோல்கா கரையின் அந்தக் குடியிருப்புகளை மங்கோலியர்கள் அழித்துவிட்டார்கள் என்ற தகவல் அங்கேயே கிடைத்தது. கண்டுபிடித்த சொந்தத்தை இரண்டாம் முறை பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. வெறுங்கையோடும் திரும்பவில்லை. ஹங்கேரிய மன்னருக்கு மங்கோலியர்கள் அனுப்பிய கடிதம் ஒன்று சுஸ்டால் இளவரசரிடம் சிக்கியிருந்தது. அதை வாங்கிவந்தார்.

கடிதத்தின் சாரம் இது: பலமுறை தூது அனுப்பியும் நீ பதில் தரவில்லை, எங்கள் அடிமைகளான குமன்களை நீ உன் பாதுகாப்பில் வைத்திருக்கிறாய், கூடாரத்தில் வாழும் அவர்கள் குதிரையேறி ஓடிவிடுவார்கள், வீடு கட்டி, ஊர் அமைத்து வாழும் நீ எங்கே ஓடுவாய்?

மிரட்டல் கடிதம்தான். ஆனால் எழுதியவர்களுக்கு ஹங்கேரியின் நிலைமை நன்றாகத் தெரிந்திருந்தது. 300 ஆண்டுகளுக்கு முன்பு இதே மாகியார்கள் கூடாரமும் குதிரையுமாக வந்தவர்கள். இப்போது அவர்களுக்கு உழுத நிலம் இருந்தது, மாதா கோயில் இருந்தது, சந்தை இருந்தது. ஓடுவதற்கு வழி மறந்துபோயிருந்தது. ஒளிந்து நின்று தாக்குப்பிடிக்கக் கல் மதில்களும் இல்லை. மொத்த நாட்டிலும் கற்கோட்டை என்று சொல்லத்தக்கவை விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. மற்றவையெல்லாம் மண் மேடும் மர வேலியும்.

*

கடிதத்தைப் பெற்ற மன்னர் நான்காம் பேலா. 1235இல் பட்டத்துக்கு வந்தபோது வயது 29. அப்பா இரண்டாம் ஆந்த்ராஷ் அரசு நிலங்களை எப்படி அள்ளி அள்ளிக் கொடுத்தார் என்பதையும், 1222இல் அவரிடமிருந்து தங்க முத்திரை ஆணை எப்படி வாங்கப்பட்டது என்பதையும் சென்ற அத்தியாயத்தில் படித்தோம். மகனுக்கு அப்பாவின் தாராளம் அடியோடு பிடிக்காது. அப்பா கொடுத்ததையெல்லாம் திரும்பப் பிடுங்குவது என்று சபதமெடுத்து அரியணை ஏறினார்.

தானமாகப் போன நிலங்களை விசாரிக்க ஆட்கள் போனார்கள். மன்னரிடம் நேரில் பேசிக் காரியம் சாதித்த பிரபுக்கள், இனி மனு எழுதிக் கொடுத்துவிட்டு எழுத்தர்களின் வாசலில் காத்திருக்க வேண்டும் என்றானது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு காரியம் செய்தார். அரசவையில் பிரபுக்கள் அமர்ந்துவந்த நாற்காலிகளைத் தீயிலிட்டு எரிக்கச் சொன்னார். இளவரசர்களும் ஆயர்களும் தவிர மற்றவர்கள் மன்னர் முன்னால் நின்றுதான் பேச வேண்டும். நிலம் போனதைக்கூட அவர்கள் மறந்திருப்பார்கள். நாற்காலி எரிந்ததை மறக்கவில்லை.

இந்தச் சூழலில்தான் 1239இல் குமன்கள் வந்து கதவைத் தட்டினார்கள். கருங்கடலுக்கு வடக்கே மேய்ச்சல் வெளிகளை ஆண்ட துருக்கிய மொழி பேசும் நாடோடிக் குதிரை வீரர்கள். மங்கோலியரிடம் தோற்று, தங்கள் தலைவர் கோதேனின் பின்னால் மேற்கே ஓடிவந்தவர்கள். கிறிஸ்தவத்தைத் தழுவுகிறோம், உங்களுக்காகப் போரிடுகிறோம், இடம் மட்டும் கொடுங்கள் என்றார்கள். பேலா எல்லைக்கே போய் எதிர்கொண்டு வரவேற்றார். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. மங்கோலியரின் போர்முறை தெரிந்த குதிரைப்படை ஒன்று அவருக்கு வேண்டும். அடங்காத பிரபுக்களுக்கு எதிராகவும் அது உதவும்.

அந்தக் கணக்கில் விட்டுப்போனது குடியானவன். குமன்களின் ஆடுமாடுகளும் குதிரைகளும் வேலி, வரப்பு அறியாதவை. விளைந்த பயிரில் இறங்கின, திராட்சைத் தோட்டத்தில் புகுந்தன, கன்று நட்ட இடத்தை மிதித்துத் துவைத்தன. வழக்கு மன்னரிடம் போனால் தீர்ப்பு குமன்களுக்குச் சாதகமாகவே வந்ததாக ஊர் முழுக்கப் பேச்சு. பிரபுக்களுக்கோ, தங்களுக்கு இல்லாத நெருக்கம் அந்நியனுக்குக் கிடைத்ததே என்ற எரிச்சல். வந்தவர்கள் அகதிகளா, ஒற்றர்களா என்ற முணுமுணுப்பு கிளம்பியது.

*

1240 டிசம்பரில் கீவ் நகரம் விழுந்தது. அடுத்தது ஹங்கேரி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. செங்கிஸ் கானின் பேரன் பாது கான் தலைமை. போரை வகுத்துக் கொடுத்தவர் சுபுதை, அன்றைய உலகில் அவருக்கு இணையான தளபதி இல்லை. ஒரு படை போலந்துக்குப் போனது. அங்கிருந்து ஹங்கேரிக்கு உதவி வராமல் தடுப்பது அதன் வேலை. 1241 ஏப்ரல் 9 அன்று லெக்னிட்சாவில் சிலேசியக் கோமகன் இரண்டாம் ஹென்றியைக் கொன்று அந்த வேலையைக் கச்சிதமாக முடித்தது. வேறு படைகள் கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் திரான்சில்வேனியாவுக்குள் நுழைந்தன. முதன்மைப் படை வடகிழக்கில் வெரெட்ஸ்கே கணவாயை நோக்கி வந்தது.

ஆர்பாதின் கூட்டம் இந்த மண்ணுக்குள் இறங்கியதாக ஹங்கேரியர்கள் நினைவில் வைத்திருக்கும் அதே கணவாய். அங்கே மரங்களை வெட்டிச் சாய்த்துத் தடுப்புப் போட்டிருந்தார்கள். மார்ச் 12 அன்று அது உடைந்தது. காவலுக்குப் போன படைத்தலைவர் தெனெஷ் சொற்ப ஆட்களோடு தப்பி வந்தார். மூன்று நாள்களில் மங்கோலிய முன்னணிப் படையினர் பெஸ்ட் நகரத்தின் அருகே புழுதி கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

பெஸ்டில் மன்னர் படை திரட்டிக்கொண்டிருந்தார். மங்கோலியர்கள் நெருங்கி வருவதும், அம்பு விடுவதும், ஓடுவதுமாகச் சீண்டினார்கள். வெளியே போகக் கூடாது என்று மன்னர் கட்டளை. கலோச்சா பேராயர் உக்ரினுக்குப் பொறுக்கவில்லை. துரத்திக்கொண்டு போனார். அவர்கள் ஓடிய பாதை சதுப்பு நிலத்துக்குள் போனது. கனத்த இரும்புக் கவசத்தோடு குதிரைகள் சேற்றில் இறங்கின. பயந்து ஓடியவர்கள் திரும்பி வந்து வளைத்துக்கொண்டார்கள். பேராயர் மூன்று நான்கு பேரோடு ஊர் திரும்பினார்.

இந்த உத்தியை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். ஓடுவதுபோல ஓடி, துரத்துகிறவனைப் பொறியில் தள்ளுவது. பத்தாம் நூற்றாண்டில் பவேரியாவிலும் இத்தாலியிலும் மாகியார்கள் இதை வைத்துத்தான் ஐரோப்பாவை நடுங்கவைத்தார்கள். பேரன்மார் தாத்தாவின் வித்தையிலேயே வீழ்ந்தார்கள்.

அந்த நேரத்தில் உதவிக்கு என்று ஆஸ்திரியக் கோமகன் பிரெடரிக் சிறு படையோடு வந்து சேர்ந்தார். ஒரு சின்ன மோதலில் ஜெயித்துக் கைதட்டலும் வாங்கினார். பிடிபட்ட எதிரிகளில் ஒருவன் குமன் இனத்தவன் என்ற செய்தி பரவியது. மங்கோலியர்கள் தாங்கள் வென்ற குமன்களைப் படையில் சேர்த்திருந்தார்கள் என்பதை விசாரிக்க யாருக்கும் பொறுமையில்லை. கோதேன் துரோகி, அவன்தான் எதிரியைக் கூட்டிவந்தான் என்று பெஸ்ட் தெருக்களில் கூச்சல் எழுந்தது. கோதேனும் குடும்பத்தாரும் காவலில் வைக்கப்பட்டிருந்த வீட்டை ஆயுதக் கும்பல் சூழ்ந்தது. உள்ளே இருந்தவர்கள் அம்பெய்து சற்று நேரம் தாக்குப்பிடித்தார்கள். பிறகு தலைகள் சன்னல் வழியே தெருவில் விழுந்தன.

மன்னருக்குக் கைகொடுக்க வந்துகொண்டிருந்த குமன் படைகளுக்குச் செய்தி எட்டியது. அவர்கள் எதிர்த் திசையில் திரும்பினார்கள். வழியில் அகப்பட்ட ஊர்களைக் கொளுத்திக்கொண்டே டான்யூபைக் கடந்து பல்கேரியாவுக்குப் போனார்கள். பிரெடரிக்கும் ஊருக்குக் கிளம்பினார். எதிரியைப் புரிந்துகொண்ட ஒரே கூட்டாளியைத் தானே கொன்று துரத்திவிட்ட பிறகு, ஹங்கேரியப் படை போருக்குப் புறப்பட்டது.

*

மங்கோலியர்கள் வடகிழக்கே பின்வாங்கினார்கள். பேலாவின் படை பின்தொடர்ந்தது. ஷாயோ ஆற்றங்கரையில், முஹி என்ற ஊருக்குப் பக்கத்தில் பாசறை அமைத்தார்கள். எதிர்க்கரையில் அடர்ந்த மரங்கள். அவற்றுக்குப் பின்னால் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. நடுவே ஒரே ஒரு பாலம்.

ஹங்கேரியர்கள் பாசறையைச் சுற்றி வண்டிகளை வளையமாக நிறுத்திப் பிணைத்தார்கள். உள்ளே கூடாரங்கள் நெருக்கியடித்து நின்றன. ஒரு கூடாரத்தின் கயிறு அடுத்ததன் கயிற்றோடு சிக்கிக்கொண்டது. குறுக்கே நடக்கவே வழியில்லை. மேட்டில் நின்று இதைப் பார்த்த பாது கான், பட்டியில் அடைத்த மந்தைபோல இவர்களே தங்களை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டதாக ஸ்ப்ளிட் நகரத்துப் பாதிரியார் தோமா எழுதிவைத்திருக்கிறார்.

ஏப்ரல் 10 இரவு. மங்கோலிய முகாமிலிருந்து தப்பி வந்த ருத்தேனிய அடிமை ஒருவன், இன்று இரவே பாலத்தைக் கடக்கப் போகிறார்கள் என்று எச்சரித்தான். மன்னரின் தம்பி கோலமன், பேராயர் உக்ரின், டெம்பிளர் வீரத்துறவிகளின் தலைவர் மூவரும் ஆட்களோடு பாலத்துக்கு விரைந்தார்கள். பாதி வழி வந்துவிட்ட மங்கோலியர்கள் மீது பாய்ந்தார்கள். பலர் வெட்டுப்பட்டார்கள், பலர் ஆற்றில் விழுந்தார்கள். பாலத்துக்குக் காவல் வைத்துவிட்டு மற்றவர்கள் வெற்றிக் களிப்போடு கூடாரம் திரும்பித் தூங்கினார்கள்.

விடியும் நேரத்தில் எதிர்க்கரையில் ஏழு கல்லெறி பொறிகள் வேலையைத் தொடங்கின. கோட்டை மதில்களை உடைக்கும் கருவிகளை ஆற்றங்கரைச் சண்டையில் பயன்படுத்துவார்கள் என்று ஹங்கேரியர்கள் கனவிலும் நினைத்திருக்கவில்லை. காவலர்கள் சிதறினார்கள். பாலத்தின் வழியே பாதுவின் ஆட்கள் வந்தபோதே, கீழ்ப்பகுதியில் ஆற்றைக் கடந்து சுபுதையும் வந்துகொண்டிருந்தார். தப்பி ஓடிய காவலர்கள் கத்திய பிறகுதான் பாசறை விழித்தது. பிரபுக்களில் பலர் தலை வாரி, ஆடை திருத்தி, மெதுவாகத் தயாரானதாகத் தோமா கசப்போடு குறிப்பிடுகிறார்.

கோலமனும் உக்ரினும் டெம்பிளர்களும் மறுபடி மோதினார்கள். மற்ற பிரபுக்களோ மன்னர் கொஞ்சம் அடிபட்டால் நல்லது என்ற மனநிலையில் இருந்தார்கள். தோல்வி வந்தால் அவருடைய கர்வம் அடங்கும், தங்கள் மதிப்பு உயரும் என்று நினைத்தார்களாம். அவர்கள் நினைத்துப் பார்த்த தோல்வி வேறு, வந்த தோல்வி வேறு. பாசறையைச் சூழ்ந்த மங்கோலியர்கள் அம்பும் நெருப்பும் பொழிந்தார்கள். கூடாரக் கயிறுகளில் தடுக்கி மனிதர்களும் குதிரைகளும் விழுந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் வளையத்தில் இடைவெளி தெரிந்தது. அந்த வழியே கூட்டம் ஓடியது. வேண்டுமென்றே விட்டுவைத்த இடைவெளி அது. நின்று போராடுகிறவனைக் கொல்வதைவிட ஓடுகிறவனைக் கொல்வது எளிது. பெஸ்டை நோக்கிய பாதை நெடுகிலும் இரண்டு நாள் பயணத் தூரத்துக்குப் பிணங்கள் கிடந்தன.

எஸ்டெர்கோம் பேராயர் இறந்தார். உக்ரின் இறந்தார். டெம்பிளர் தலைவரும் அவரது வீரர்களும் மாண்டார்கள். காயங்களோடு தப்பிய கோலமன் பிறகு அந்தக் காயங்களாலேயே இறந்தார். மன்னரை விசுவாசமான சில வீரர்கள் காட்டு வழியே கொண்டுபோனார்கள். அவர் குதிரை களைத்தபோதெல்லாம் ஒருவர் இறங்கித் தன் குதிரையைக் கொடுத்தார்.

*

நாடோடியாகிப்போன மன்னரை முதலில் வரவேற்றது ஆஸ்திரியக் கோமகன் பிரெடரிக். வரவேற்பு என்றால் அப்படியொரு வரவேற்பு. சில ஆண்டுகளுக்கு முன் ஹங்கேரி தன்னிடமிருந்து வாங்கிய போர் நட்டஈட்டைத் திருப்பிக் கொடு என்று பிடித்துவைத்துக்கொண்டார். கையில் இருந்த தங்கமும் வெள்ளியும் போதவில்லை. மேற்கு எல்லையில் மூன்று மாவட்டங்களை அடமானமாக எழுதி வாங்கிய பிறகே ஆளை விட்டார். மே மாதம் ஸாக்ரெப் நகரத்திலிருந்து பேலா போப்புக்கும் ஜெர்மானியப் பேரரசருக்கும் கடிதம் எழுதினார். அவர்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டில் போப் ஒன்பதாம் கிரிகோரி இறந்தும் போனார். ஓர் ஆள்கூட உதவிக்கு வரவில்லை.

டான்யூபுக்குக் கிழக்கே என்ன நடந்தது என்பதை நமக்குச் சொல்பவர் ரோஜேரியுஸ். தென்னித்தாலியிலிருந்து வந்து வாராத் நகரத்தில் திருச்சபைப் பதவி வகித்தவர். மங்கோலியரிடம் சிக்கி உயிர் பிழைத்து, அனுபவத்தை லத்தீனில் எழுதினார். இறந்து கிடந்த அரசவை அதிகாரியிடமிருந்து மன்னரின் முத்திரை மங்கோலியர் கைக்குக் கிடைத்தது என்கிறார் அவர். பிடிபட்ட எழுத்தர்களை வைத்து மன்னர் பெயரில் கடிதம் எழுதி, முத்திரை குத்தி, ஊர் ஊராக அனுப்பினார்கள். பயப்படாதீர்கள், வீட்டை விட்டுப் போகாதீர்கள், நாட்டை மீட்டுவிடுவோம் என்பது கடிதத்தின் செய்தி. மன்னரின் முத்திரையை நம்பி மக்கள் வீட்டிலேயே இருந்தார்கள். மங்கோலியர்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கோடையில் மங்கோலியர்கள் கிராமங்களுக்கு நாட்டாமை நியமித்து, ஒளிந்தவர்களைக் காட்டிலிருந்து வரவழைத்து, அறுவடையைச் செய்யவைத்தார்கள். களஞ்சியம் நிறைந்ததும் அறுத்தவர்களைக் கொன்றார்கள். தொல்லியலாளர்கள் இன்று மண்ணைத் தோண்டும்போது அந்த ஆண்டு அப்படியே வெளியே வருகிறது. பெருஞ்சமவெளியில் உள்ள ஸாங்க் என்ற ஊரில் எரிந்துபோன ஒரு வீட்டுக்குள் முப்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூடவே அவர்கள் காப்பாற்றிக்கொள்ள நினைத்த நகைகள்.

டான்யூப் நதி மட்டும் மேற்குப் பாதியை மாதக்கணக்கில் காத்தது. கரையில் உறையும் பனியை ஹங்கேரியர்கள் உடைத்துக்கொண்டே இருந்தார்கள். அந்தக் குளிர்காலம் விடவில்லை. பனி கெட்டியானதாகத் தெரிந்தது, ஆனால் குதிரைப்படையைத் தாங்குமா? மங்கோலியர்கள் கரையோரம் மாடுகளையும் குதிரைகளையும் காவலின்றி விட்டுவிட்டு மறைந்துபோனார்கள். மூன்று நாள் யாரும் தலைகாட்டவில்லை. எதிரி போய்விட்டான் என்று நினைத்த மேற்குக் கரைக்காரர்கள் பனியின் மேல் நடந்துபோய் கால்நடைகளை ஓட்டிவந்தார்கள். பனி தாங்கியது. மங்கோலியர்களுக்குத் தேவையான பதில் கிடைத்துவிட்டது.

மேற்கில் இன்னொரு பாடம் காத்திருந்தது. எஸ்டெர்கோம் நகரம் கல்லெறி பொறிகளுக்கு முன் சாம்பலானது. ஆனால் அதன் உச்சியில் இருந்த கற்கோட்டையை, சிமோன் என்ற ஸ்பானியர் தலைமையில் நின்ற வில்லாளிகள் விட்டுக்கொடுக்கவில்லை. சதுப்பு சூழ்ந்த செகெஷ்ஃபெஹேர்வார் நகரம் தப்பியது. பன்னொன்ஹல்மா மடாலயம் தன் மதிலுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பிழைத்தது. கல் நின்ற இடத்தில் உயிர் நின்றது.

மன்னரைப் பிடிக்க கதான் என்ற இளவரசர் தலைமையில் ஒரு படை அத்ரியாடிக் கடற்கரைவரை துரத்தியது. அரச குடும்பம் கிலிஸ் கோட்டையில் இருந்தது. அங்கே பேலாவின் இரண்டு மகள்கள் இறந்தார்கள். அங்கேயே, 1242 ஜனவரியில், இன்னொரு மகள் பிறந்தாள். நாடு பிழைத்தால் இவளைக் கடவுளுக்குக் கொடுத்துவிடுகிறோம் என்று பெற்றோர் நேர்ந்துகொண்டார்கள். மார்கரெட் என்று பெயர். பேலா ட்ரோகிர் தீவு நகரத்துக்குப் போனார். நிலத்துக்கும் நகரத்துக்கும் நடுவே ஒடுங்கிய கடல். கரையில் நின்ற கதானின் ஆள் ஸ்லாவிய மொழியில், உங்களுக்குச் சம்பந்தமில்லாத அந்நியனை ஒப்படையுங்கள் என்று கத்தினான். நகரத்தார் பதில் பேசவில்லை. ஒப்படைக்கவும் இல்லை. குதிரைகளால் அந்த நீரைத் தாண்ட முடியவில்லை.

1242 வசந்தத்தில் மங்கோலியர்கள் திடீரென்று கிளம்பிவிட்டார்கள். 1241 டிசம்பரில் பெரிய கான் ஒகதேய் இறந்தார், அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க இளவரசர்கள் போக வேண்டியிருந்தது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் காரணம். ஈரமும் சேறுமான அந்த வசந்தத்தில் குதிரைகளுக்குப் புல் போதவில்லை என்கிறார்கள் சிலர். மேற்கின் கோட்டைகள் சலிப்பூட்டின என்கிறார்கள் வேறு சிலர். ஆராய்ச்சியாளர்களிடையே வாதம் இன்னும் ஓயவில்லை.

*

பின்வாங்கும் படையோடு இழுத்துச்செல்லப்பட்ட ரோஜேரியுஸ், நாட்டின் எல்லையில் கைதிகளைக் கொன்றுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டுக் காட்டுக்குள் நழுவினார். வேலைக்காரன் ஒருவனோடு குழியில் படுத்து, மேலே இலைகளைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் அசையாமல் கிடந்தார். வெளியே வந்தபோது பாதைகளைப் புல் மூடியிருந்தது. ஒரு ஊரின் மாதா கோயில் கோபுரத்தைப் பார்த்து நடந்து, அங்கிருந்து அடுத்த கோபுரத்தைக் குறிவைத்து நடந்தார். ஆளில்லாத தோட்டங்களில் கிடைத்த வெங்காயமும் பூண்டும்தான் சாப்பாடு. ஒருவழியாக மலைமேல் ஒளிந்திருந்த மக்களைக் கண்டபோது அவர்கள் கொடுத்தது, கருவாலி மரப் பட்டையை அரைத்து மாவோடு கலந்து சுட்ட கறுப்பு ரொட்டி. அவ்வளவு ருசியான ரொட்டியை அதுவரை தின்றதில்லை என்கிறார்.

எத்தனை பேர் இறந்தார்கள்? ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதிலிருந்து சரிபாதிவரை வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. போரில் செத்தவர்களோடு, விதைக்க ஆளில்லாமல் அடுத்து வந்த பஞ்சத்தில் செத்தவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. கிழக்குச் சமவெளியில் ஊர் ஊராகக் காலியாகிக் கிடந்தது.

இந்த நாட்டுக்குத்தான் பேலா திரும்பினார். வயது 36. இன்னும் 28 ஆண்டுகள் ஆளப்போகிறார். திரும்பி வந்தவர் நாற்காலியை எரித்த பழைய பேலா இல்லை. தன் கொள்கைகளை ஒவ்வொன்றாகத் தானே தலைகீழாக்கினார்.

அரசு நிலத்தைத் திரும்பப் பிடுங்கியவர் இப்போது அள்ளிக் கொடுத்தார். அப்பாவைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை. நிலம் வாங்குகிறவன் மலைமேல் கற்கோட்டை கட்ட வேண்டும், கவசம் பூண்ட குதிரை வீரர்களைத் தர வேண்டும். கோட்டை கட்டுவது மன்னரின் தனி உரிமை என்ற பழைய வழக்கம் கைவிடப்பட்டது. அவர் ஆட்சி முடிவதற்குள் நாடெங்கும் நூற்றை நெருங்கும் எண்ணிக்கையில் கோட்டைகள் எழுந்தன. பைசாந்திய இளவரசியான அரசி மரியா தன் நகைகளை விற்று விஷெக்ராத் கோட்டைக்குப் பணம் கொடுத்தார். பெஸ்ட் சமவெளியில் திறந்து கிடந்தது என்பதால், ஆற்றுக்கு எதிர்ப்புறக் குன்றில் மதில் எழுப்பி மக்களைக் குடியேற்றினார்கள். இன்றைய புடா அப்படி உருவான ஊர். ஜெர்மானியக் குடியேறிகளுக்கு நகர உரிமைகள் கிடைத்தன. 1251இல் யூதர்களுக்குப் பாதுகாப்புச் சாசனம் வழங்கப்பட்டது.

எல்லாவற்றையும்விடக் கடினமான முடிவு குமன்களைப் பற்றியது. காலியான சமவெளிக்கு ஆள் வேண்டும். படைக்குக் குதிரை வீரர்கள் வேண்டும். தலைவனைக் கொன்று துரத்தியடித்த கூட்டத்தையே பேலா மீண்டும் அழைத்தார். 1246 வாக்கில் அவர்கள் வந்தார்கள். டான்யூபுக்கும் திசா ஆற்றுக்கும் நடுவிலும், திசாவுக்குக் கிழக்கிலும் நிலம் கொடுத்தார். வெறும் வாக்குறுதி போதாது என்பது இரு தரப்புக்கும் தெரியும். பட்டத்து இளவரசன் இஷ்த்வானுக்குக் குமன் தலைவரின் மகள் எர்ஜெபெத்தை மணம் முடித்தார்கள். அந்தச் சந்தர்ப்பத்தில் குமன் தலைவர்கள் தங்கள் வழக்கப்படி, வாளால் இரண்டு துண்டாக வெட்டிய நாயின் மேல் சத்தியம் செய்தார்கள். ஒப்பந்தத்தை மீறினால் எங்களுக்கும் இந்தக் கதிதான் என்பது அதன் பொருள். கிறிஸ்தவ மன்னரின் வீட்டுக் கல்யாணத்தில் இப்படியொரு சடங்கா என்று கேட்கும் நிலையில் பேலா இல்லை.

அந்த ஏற்பாடு நிலைத்தது. கிஷ்குன்ஹலாஷ், குன்செண்ட்மிக்லோஷ் என்று ஹங்கேரிய வரைபடத்தில் ‘குன்’ கலந்த ஊர்ப் பெயர்கள் இன்றும் குவிந்து கிடப்பது அவர்கள் குடியேறிய பகுதிகளில்தான். அவர்களின் மொழி 18ஆம் நூற்றாண்டுவரை தாக்குப்பிடித்து மறைந்தது. பேரப்பிள்ளைகள் ஹங்கேரியர்களாகவே ஆகிப்போனார்கள். ஆஸ்திரியக் கோமகனுக்கும் கணக்குத் தீர்க்கப்பட்டது. அடமானம் போன மாவட்டங்களை பேலா மீட்டார். 1246இல் லைதா ஆற்றங்கரையில் ஹங்கேரியப் படையோடு மோதியபோது பிரெடரிக் கொல்லப்பட்டார். அவருக்கு ஆண் வாரிசு இல்லை. காலியான ஆஸ்திரியாவுக்குள் சில பத்தாண்டுகளில் ஹாப்ஸ்பர்க் என்ற குடும்பம் நுழையும். அவர்களை இந்தத் தொடரில் நிறையப் பார்க்கப்போகிறோம்.

நேர்ந்துவிட்ட மகள் மார்கரெட், புடாவை ஒட்டிய முயல் தீவில் கன்னியர் மடத்தில் வளர்ந்தாள். அரசியல் லாபத்துக்காகப் பிறகு அப்பாவே கல்யாணப் பேச்செடுத்தபோதும் மறுத்துவிட்டாள். 1270 ஜனவரியில் இறந்தாள். அதே ஆண்டு மே மாதம் அதே தீவில் பேலாவும் இறந்தார். புடாபெஸ்ட்காரர்கள் இன்று ஓடவும் நடக்கவும் போகும் மார்கரெட் தீவு அதுதான்.

பேலாவின் வேலைக்குப் பரீட்சை 1285இல் வந்தது. நோகாய், தலபுகா என்ற இரு மங்கோலியத் தலைவர்கள் மீண்டும் படையெடுத்தார்கள். இந்த முறை மக்கள் கோட்டைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள், உணவும் உள்ளே போய்விட்டது. வந்தவர்கள் பட்டினியோடும் பெரும் இழப்போடும் திரும்பினார்கள். எங்கே ஓடுவாய் என்று கேட்ட கடிதத்துக்கு ஹங்கேரி ஐம்பது ஆண்டு கழித்துப் பதில் சொல்லிவிட்டது.

நாட்டை இரண்டாம் முறை நிறுவியவர் என்று பேலாவை ஹங்கேரியர்கள் போற்றுவது இதற்காகத்தான். அந்தப் புகழில் பாதி கல்லுக்குரியது. மீதிப் பாதி, அடைக்கலம் வந்தவர்களைக் கொன்ற தேசத்தில் அதே மக்களை மறுபடி அழைத்து, அவர்களோடு சம்பந்தமும் செய்துகொண்ட துணிவுக்குரியது. வீரம் முஹியில் யாருக்கும் குறைவாக இருக்கவில்லை. பக்கத்தில் நிற்பவனை நம்பத்தான் அங்கே யாராலும் முடியவில்லை.

ஆனால் இந்த மீட்புக்கு ஒரு விலை இருந்தது. மலைக்கு மலை கோட்டை வைத்துக்கொள்ள மன்னரே கொடுத்த அனுமதி, எதிரி போன பிறகும் ரத்தாகவில்லை. மங்கோலியருக்கு எதிராகக் கட்டிய மதில்கள் மன்னரின் ஆட்களையும் அதே சிரத்தையோடு வெளியே நிறுத்தின. ஒரு தலைமுறைக்குள் மாத்தே சாக் போன்ற பிரபுக்கள் தனி அரசு நடத்தினார்கள். இஷ்த்வானுக்கும் குமன் அரசிக்கும் பிறந்த பேரன் லாஸ்லோ, தாய்வழி உறவினரின் கூடாரங்களிலேயே காலம் கழித்து, 1290இல் குமன்கள் கையாலேயே கொல்லப்பட்டான். 1301இல் ஆர்பாத் வம்சத்தின் ஆண் வழி முற்றுப்பெற்றது. அந்த அரியணையைத் தேடி நேப்பிள்ஸிலிருந்து ஒரு சிறுவன் அதற்கு முன்பே கப்பலேறியிருந்தான்.

அடுத்த அத்தியாயத்தில்: கோட்டைக்குக் கோட்டை ஒரு ராஜா, ஒரே கிரீடத்துக்கு மூன்று போட்டியாளர்கள்.